கிராஃப்ட் பீர் டேஸ்டிங் ரூமுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு: கலிபோர்னியாவில் இருந்து ஒரு வழிகாட்டி

சான் ஹோசே, சன்னிவேல் பக்கம் புதிதாக வேலைக்கு வந்து சேரும் நம் ஆட்களை மூன்றாவது நான்காவது வாரத்திலேயே யாராவது ஒரு ப்ரூவரிக்கு, அதாவது பீர் ஆலைக்கு, கூப்பிட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம், டீமோடு. உள்ளே போனால் சுவரில் ஒரு பெரிய பலகை, அதில் இருபது பெயர், ஒன்றுகூடக் கேள்விப்பட்டது கிடையாது, பின்னால் வரிசை வேறு நிற்கிறது. அவசரத்தில் ‘ஐபிஏ’ (கசப்பு தூக்கலான ஒரு பீர் வகை) என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒரு முழு கிளாஸ் கசப்பை வாங்கி, மீதி நேரம் முழுக்க அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். இப்படி எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இடத்தின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது: ருசி பார்க்கிற அறை. சின்ன கிளாஸில் வாங்குங்கள், மெதுவாகக் குடியுங்கள், தெரியாததைக் கேளுங்கள். கீழே நான் சொல்லப் போகிற எல்லாமே இந்த மூன்றுக்குள் அடக்கம். டாஸ்மாக் வாசலில் நின்றபடி ஒரே மூச்சில் முடித்துவிட்டுக் கிளம்புகிற பழக்கத்தைத்தான் நம்மில் பலர் ஊரில் பார்த்து வளர்ந்தோம், யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற பதைப்போடு. இங்கே பட்டப்பகலில் பாட்டி, பேரன், நாய்க்குட்டி எல்லோரும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நிதானமாக ருசி பார்ப்பது முதலில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

குடிக்காதவர்கள் இதற்காகக் குடிக்க ஆரம்பிக்க வேண்டாம். டீமோடு போனாலும் ரூட் பீர், கொம்புச்சா (புளிக்கவைத்த டீ), ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) போட்ட சோடாத் தண்ணீர் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலான இடங்களில் இருக்கும். ரூட் பீரில் பெயரில்தான் பீர், அது இனிப்பு சோடா. அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

போவதற்கு முன்னால் ஒரு சின்னக் கதை

இந்த டேஸ்டிங் ரூம் பழக்கம் ரொம்பப் பழையது என்று நினைத்துவிடாதீர்கள். 1970களின் கடைசியில் அமெரிக்கா முழுவதும் சேர்த்தே நூறுக்கும் குறைவான பீர் ஆலைகள்தான் இருந்தன, எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெளிறிய லாகர் வகை பீரைக் காய்ச்சினார்கள். மாற்றம் தொடங்கியது இந்தப் பக்கத்தில்தான். சான் பிரான்சிஸ்கோவில் மூடப்போகிற நிலையில் இருந்த ஆங்கர் ஆலையை 1965இல் ஃப்ரிட்ஸ் மேடாக் வாங்கிக் காப்பாற்றினார். 1976இல் சோனோமாவில் ஜாக் மெக்காலிஃப் நியூ ஆல்பியன் என்ற குட்டி ஆலையைத் தொடங்கினார்; அது ஆறே வருடத்தில் மூடிவிட்டது, ஆனால் சின்ன அளவில் செய்ய முடியும் என்று பார்த்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் வீட்டில் பீர் காய்ச்சுவது மத்திய அரசு மட்டத்தில் குற்றமில்லை என்றானது. வீட்டுக் கொல்லையில் கற்றுக்கொண்டவர்கள்தான் பின்னால் ஆலை வைத்தார்கள். சிக்கோ ஊரில் சியரா நெவாடாவைத் தொடங்கிய கென் கிராஸ்மன் அப்படி வந்தவர், 1980இல் முதல் பீர் காய்ச்சினார். இன்றைக்கு நாட்டில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் இருக்கின்றன. முன்னோடியான ஆங்கர் 2023இல் மூடப்பட்ட செய்தி வந்த அன்று எனக்கு உண்மையிலேயே மனசு கனத்துப் போனது.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், கவுண்ட்டரில் உங்களுக்கு ஊற்றிக் கொடுப்பவர் பல சமயம் அந்த பீரைக் காய்ச்சியவராகவே இருப்பார், இல்லையென்றால் அவரோடு தினமும் வேலை செய்பவர். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

நாளும் நேரமும்

முதல் தடவைக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வேண்டவே வேண்டாம். செவ்வாய், புதன், வியாழன் மதியம் மூன்று நாலு மணிக்குப் போங்கள். கூட்டம் இருக்காது, நின்று பேச ஆள் கிடைப்பார்கள். சின்ன ஆலைகள் திங்கள், செவ்வாயில் மூடியிருப்பதும் உண்டு, அதனால் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடையாள அட்டை கட்டாயம்

அமெரிக்காவில் மது வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும், தலை நரைத்திருந்தாலும் அடையாள அட்டை கேட்பார்கள். கலிபோர்னியா லைசென்ஸ் இருந்தால் அதுவே போதும். இன்னும் எடுக்கவில்லையென்றால் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துப் போங்கள், போனில் இருக்கும் போட்டோ செல்லாது. ஆதார் அட்டையையும் நம் ஊர் லைசென்ஸையும் நிறைய இடங்களில் ஏற்க மாட்டார்கள். என் மாமனார் திருச்சியிலிருந்து வந்திருந்தபோது அவரை ஓர் இடத்துக்கு அழைத்துப் போனேன், நாற்பது நிமிட கார்ப் பயணம். அறுபத்தெட்டு வயது மனிதரிடம் அட்டை கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டார்கள். பாஸ்போர்ட் வீட்டு அலமாரியில் இருந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, மது விற்கும் லைசென்ஸே பறிபோகும் விஷயம் அவர்களுக்கு. திரும்பி வந்து, அடுத்த வாரம் பாஸ்போர்ட்டோடு மறுபடி போனோம்.

எப்படித் திரும்புவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் இருந்தால் கலிபோர்னியாவில் அது குற்றம், அதற்குக் கீழே இருந்தாலும் வண்டி தடுமாறினால் பிடிப்பார்கள். விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு, நம் ஆட்களில் பலருக்கு அது தெரிவதில்லை: குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானாலே போதும், கோர்ட்டில் தீர்ப்பு வருவதற்கு முன்பே அமெரிக்க வெளியுறவுத் துறை உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள விசாவை ரத்து செய்யலாம். அப்புறம் ஊருக்குப் போனால் திரும்பி வர மறுபடி தூதரகத்தில் நிற்க வேண்டும், கூடுதல் மருத்துவப் பரிசோதனை வேறு. ஒரு சாயங்காலத்துக்கு இந்த விலை கொடுக்கக் கூடாது.

சின்ன கிளாஸ்தானே என்று நினைப்பீர்கள், அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன். ஐந்து அவுன்ஸ் கிளாஸ் நான்கு வாங்கினால் மொத்தம் 20 அவுன்ஸ், கிட்டத்தட்ட 590 மில்லி. சராசரி 6 சதவீத ஆல்கஹால் என்று வைத்துக்கொண்டால், அது 5 சதவீத பீர் 12 அவுன்ஸ் கேன் இரண்டு குடித்ததற்குச் சமம். பலகையில் 8, 10 என்று இருக்கும் பீராகத் தேர்ந்தெடுத்தால் மூன்று கேன் அளவுக்குப் போய்விடும். உடம்பு ஒரு கேன் அளவைக் கரைக்கவே ஒரு மணி நேரம்போல ஆகும். ஆக, குடிக்காத ஒருவர் ஓட்ட வேண்டும், அல்லது வாடகைக் கார், அல்லது ரயில்.

ரயில் என்றதும் நினைவுக்கு வருகிறது, சான் பிரான்சிஸ்கோவில் இருப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் ஒரு பயணம் இது. ஃபெர்ரி பில்டிங்கில் படகு ஏறி லார்க்ஸ்பர் போய், அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்து ஸ்மார்ட் ரயில் பிடித்தால் சாண்டா ரோசா டவுன்டவுன். நான்காம் தெருவில் இருக்கிற ரஷ்யன் ரிவர் ப்ரூயிங்குக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். படகும் ரயிலும் சேர்ந்த ஒரு நாள், ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டாம். திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தை மட்டும் கிளம்பும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வயிறும் மூக்கும்

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். அதே சமயம் இட்லிப் பொடி, ஊறுகாய், மிளகாய் பஜ்ஜி என்று நாக்கை எரிய வைத்துவிட்டும் போகாதீர்கள், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு எதுவும் தெரியாது. தயிர் சாதமோ சப்பாத்தியோ போதும். புதினா சூயிங்கம் வேண்டாம். சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மூக்கையும் சேர்த்து அது கெடுத்துவிடும். பீரில் நாம் ‘ருசி’ என்று சொல்வதில் பெரும்பகுதி வாசனை.

நிறைய டேஸ்டிங் ரூம்களில் சமையலறை கிடையாது. வாசலில் ஒரு டாக்கோ வண்டி நிற்கும், அல்லது நாமே சாப்பாடு கொண்டுபோகலாம், போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் டாக்கோ வண்டியில் பீன்ஸ் வாங்கும்போது பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

குழந்தைகளை அனுமதிக்கிற இடங்கள் உண்டு, அனுமதிக்காத இடங்களும் உண்டு. இதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.

பலகையைப் படிப்பது

பெயர்கள் பெரும்பாலும் விளையாட்டாக வைத்தவை, அவற்றை வைத்து ஒன்றும் புரியாது. பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் வகை இருக்கும், பக்கத்தில் ஏபிவி என்று ஒரு எண். அந்த எண்தான் ஆல்கஹால் சதவீதம், முதலில் அதைப் பாருங்கள். பில்ஸ்னர் (வெளிறிய, லேசான வகை) 5 பக்கம் இருக்கும், ஐபிஏ 6, 7 இருக்கும், டபுள் ஐபிஏ 8ஐத் தொடும், இம்பீரியல் ஸ்டவுட் (கருப்பான, கனமான வகை) 10, 12 என்று போகும். ஐபியூ என்று இன்னொரு எண் இருந்தால் அது கசப்பின் அளவு. அதை ரொம்ப நம்ப வேண்டாம், இனிப்பு கூடினால் அதே கசப்பு நாக்குக்குப் பாதியாகத்தான் தெரியும், பாகற்காய்ப் புளிக்குழம்பில் வெல்லம் போட்டால் ஆகிற மாதிரி.

என்ன வேண்டும் என்று தெரியாவிட்டால் ‘ஃப்ளைட்’ என்று கேளுங்கள். நான்கைந்து சின்ன கிளாஸ்கள், ஒவ்வொன்றும் நாலைந்து அவுன்ஸ், ஒரு மரத்தட்டில் வரிசையாக வைத்துத் தருவார்கள். எது எது என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஒரே ஒரு பீரைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஒரு வாய் ருசி பார்க்கக் கொடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் காசு வாங்காமலே கொடுப்பார்கள். ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வது மரியாதை.

முதல் ஃப்ளைட்டுக்கு நான் சொல்லும் வரிசை இது: ஒரு பில்ஸ்னர், ஒரு கோதுமை பீர், ஒரு ஐபிஏ, கடைசியில் ஒரு ஸ்டவுட். லேசானதிலிருந்து கனமானதுக்கு. மாற்றிக் குடித்தால் ஸ்டவுட்டுக்கு அப்புறம் பில்ஸ்னர் வெறும் தண்ணீராகத் தெரியும், அதைக் காய்ச்சியவரின் உழைப்பு வீணாகிவிடும். பில்ஸ்னரில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை என்பதால், ஓர் ஆலையின் கைப்பக்குவத்தை நான் எப்போதும் அதை வைத்துத்தான் எடைபோடுவேன்.

கிளாஸ் கைக்கு வந்த பிறகு

குடித்துவிடாதீர்கள், முதலில் பாருங்கள். நிறம், தெளிவு, நுரை. கிளாஸின் உள்பக்கச் சுவரில் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை என்று அர்த்தம், வேறு கிளாஸ் கேட்கலாம். ஹேஸி ஐபிஏவும் கோதுமை பீரும் கலங்கலாக இருப்பது இயல்பு. பில்ஸ்னர் வடிகட்டாமல் லேசாக மங்கி வருவதும் உண்டு.

அப்புறம் கிளாஸை லேசாகச் சுழற்றி முகருங்கள். இரண்டு மூன்று சின்ன மூச்சு, நீளமாக இழுக்க வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கும் வார்த்தைகளைத் தேடாமல் உங்களுக்குத் தெரிந்த வாசனையைத் தேடுங்கள், இதுதான் என் முக்கியமான அறிவுரை. ஜெர்மன் வகைக் கோதுமை பீரை முகர்ந்தால் கனிந்த வாழைப்பழமும் கிராம்பும் வரும். பழமோ கிராம்போ அதில் போடுவதில்லை, எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை. பெல்ஜியம் வகையில், விட்பியர் என்பார்கள், உண்மையிலேயே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். என் மாமனார் அன்றைக்கு அதை முகர்ந்தவுடனே, யாரும் சொல்வதற்கு முன்னால், “தனியா இருக்குப்பா இதுல” என்றார். கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம் அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் உள்ளே போய் ஒரு கைப்பிடி கொத்தமல்லி விதையைக் கொண்டுவந்து காட்டினார். சமையலறை வாசனைகளோடு வளர்ந்த மூக்கு நமக்கு இருக்கிறது, அதை நம்புங்கள்.

ஸ்டவுட்டில் கருக வறுத்த பார்லி இருப்பதால் டிகாஷன் வாசனை வரும். அது ரொம்பச் சில்லென்று இருந்தால் ஒன்றும் தெரியாது, கிளாஸைக் கையில் பொத்திக்கொண்டு பத்து நிமிடம் காத்திருந்தால் காபி, கருப்பட்டி, சாக்லேட் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். ஐபிஏவில் ஹாப்ஸ் பூவின் வாசனை: எலுமிச்சைத் தோல், மாம்பழம், சில சமயம் பைன் மரப் பிசின். சியரா நெவாடாவின் பேல் ஏல் என்ற பீரைப் பிரபலமாக்கிய கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் பம்ப்ளிமாஸ் தோல் மாதிரி மணக்கும்.

இப்போது ஒரு வாய். நாக்கு முழுவதும் படும்படி உருட்டி விழுங்குங்கள். ஒயின் ருசி பார்ப்பவர்கள் துப்புவதைப் பார்த்திருப்பீர்கள், பீரில் பொதுவாக விழுங்குவார்கள், கசப்பு கடைசியில்தான் முழுதாகத் தெரியும் என்பதால். முதல் வாயை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், மூன்றாவது வாயில்தான் அது என்ன என்று புரிய ஆரம்பிக்கும். ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவில் தண்ணீர். பிடிக்கவில்லையென்றால் மிச்சம் வைக்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

‘சவர்’ என்று போட்டிருந்தால் புளிப்பு பீர். நிறைய சவர் பீர்களில் தயிரைப் புளிக்க வைக்கிற பாக்டீரியாக்களின் குடும்பம்தான் வேலை செய்கிறது, நீராகாரம் குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் புளிப்பு புதிதாக இருக்காது. ரஷ்யன் ரிவரில் ‘சப்ளிகேஷன்’ என்று ஒன்று உண்டு, பினோ நுவார் ஒயின் இருந்த பீப்பாயில் புளிப்புச் செர்ரியோடு ஊறியது. அந்த ஆலை 8 சதவீத ‘பிளினி தி எல்டர்’ டபுள் ஐபிஏவுக்குத்தான் பேர்போனது, அதையும் ருசி பாருங்கள், ஆனால் சப்ளிகேஷனைத் தவறவிடாதீர்கள். வசந்தத் தொடக்கத்தில் ‘பிளினி தி யங்கர்’ வெளியாகும் சமயம் வரிசை மணிக்கணக்கில் நீளும், புதியவர்கள் அப்போது போக வேண்டாம்.

வெயிலில் மேஜை போட்டிருந்தால் நிழலில் உட்காருங்கள். ஹாப்ஸ் நிறைந்த பீரில் நேர் வெயில் பட்டால் சில நிமிடங்களிலேயே ஒரு கெட்ட நாற்றம் வந்துவிடும், இந்த ஊர் நெடுஞ்சாலையில் ராத்திரி காரில் போகும்போது ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றம் குப்பென்று அடிக்குமே, அது.

ஆலையைச் சுற்றிப் பார்க்க

பல இடங்களில் சுற்றிக் காட்டுவார்கள். ரஷ்யன் ரிவரின் விண்ட்சர் ஆலையில் நாமாகவே நடந்து பார்க்கவும் வழி செய்திருக்கிறார்கள். தரை ஈரமாக இருக்கும், மூடிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போகும் முன் இது தெரிந்திருந்தால் எல்லாம் புரியும்: பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தினால் மால்ட். குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைப்பார்களே, அதே வேலைதான். முளைவிடும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிற நொதிகள் தானியத்துக்குள் உருவாகின்றன. அந்த மால்ட்டை நொறுக்கிச் சுமார் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் இனிப்பான சாறு இறங்கும். சாற்றை ஹாப்ஸோடு ஒரு மணி நேரம்போலக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்தால் அது பொங்கத் தொடங்கும். ஏல் வகைகள் 20 டிகிரிப் பக்கத்தில் புளிக்கும், லாகர் 10 டிகிரிப் பக்கத்தில். மார்கழியில் இட்லி மாவு பொங்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரியும்தானே, அதனால்தான் லாகருக்கு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

என்ன கேட்பது என்று தெரியாவிட்டால் இந்த ஒன்றைக் கேளுங்கள்: “இதில் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது எது?” எனக்கு இதுவரை நல்ல பீராகவே கிடைத்திருக்கிறது. பால் சம்பந்தப்பட்டது ஒத்துக்கொள்ளாதவர்கள் மில்க் ஸ்டவுட், மில்க்‌ஷேக் ஐபிஏ இரண்டிலும் பால் சர்க்கரை சேர்ப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். சுத்த சைவக்காரர்கள் மீன் பொருள் ஏதாவது தெளியவைக்கப் பயன்படுத்துகிறார்களா என்றும் கேட்கலாம், பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும், ஆனாலும் கேட்பதில் தப்பில்லை.

பில், டிப்ஸ், வீட்டுக்கு வாங்குவது

ஆர்டர் செய்யும்போது ‘டேப்’, அதாவது உங்கள் பெயரில் ஒரு கணக்கு, திறந்து வைக்கட்டுமா என்று கேட்பார்கள். சரி என்றால் கார்டை வாங்கிப் பதிந்துகொள்வார்கள், கிளம்பும்போது மொத்தமாகக் கட்டலாம். கூட்டத்தோடு போனால் ஆளுக்கு ஒரு கணக்காகப் பிரித்து வைப்பது நல்லது. டிப்ஸ் பில்லில் 15 முதல் 20 சதவீதம், ஒரே ஒரு கிளாஸ் மட்டும் வாங்கினால் ஒரு டாலர். ஒரு வாய் இலவசமாகக் கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் நகர்ந்தால்கூட ஒரு டாலர் போட்டுவிட்டு வாருங்கள்.

பிடித்ததை வீட்டுக்கு வாங்க கேன் இருக்கும், அல்லது ‘க்ரவ்லர்’ என்ற 32 அவுன்ஸ் பெரிய கேனில் கண் முன்னே ஊற்றி மூடித் தருவார்கள். காரின் டிக்கியில் வையுங்கள், திறந்த மதுவை உட்காரும் பகுதியில் வைத்திருப்பது தனிக் குற்றம். போகிற வழியில் கடை கண்ணிக்கு நிறுத்திச் சூடான காரில் அதை விட்டுவிடாதீர்கள். கேனின் அடியில் அடைத்த தேதி பொறித்திருக்கும், ஐபிஏவாக இருந்தால் அதிலிருந்து சில வாரங்களுக்குள் குடித்துவிட வேண்டும், மாம்பழ வாசனைதான் முதலில் போகும். க்ரவ்லர் மூடியபடி ஃபிரிட்ஜில் சில நாள் தாங்கும், திறந்தால் அன்றைக்கே முடிக்க வேண்டும், ஆகவே இரண்டு மூன்று பேர் வீட்டுக்கு வரும் நாளுக்கு மட்டும் வாங்குங்கள். ஃப்ளைட்டோடு கொடுத்த சீட்டில் எது பிடித்தது, என்ன வாசனை வந்தது என்று தமிழிலேயே இரண்டு வார்த்தை எழுதி போட்டோ எடுத்து வையுங்கள், அடுத்த ஆலையில் பலகைக்கு முன்னால் நிற்கும்போது அதைக் காட்டி ‘இது மாதிரி என்ன இருக்கிறது’ என்று கேட்கலாம்.